கூழில் எது ஒத்துக்கொள்ளவில்லை? மகனின் ஒவ்வாமைப் பரிசோதனை அனுபவம்

ஒடியல் கூழுக்குள் என்னவெல்லாம் போகும் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒடியல் மா, மீன், நண்டு, இறால், கணவாய், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய். கோண்டாவிலில் மாமி வீட்டில் கூழ் காய்ச்சிய அன்று, ஏழு வயது மகன் பிளாவில் பாதியைக் குடித்து முடிக்க முதலே "அம்மா, வாய் கடிக்குது" என்றான். சொண்டு வீங்கியது. கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. சத்தி எடுத்தான், பிறகு இடைவிடாமல் இருமத் தொடங்கினான். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சீராகியது. முதல் தாக்கம் அடங்கிப் பல மணித்தியாலங்களுக்குப் பிறகு இரண்டாம் தடவையும் கிளம்பக்கூடும் என்பதால் அன்றிரவு வாட்டில் வைத்துப் பார்த்தார்கள்.

பிள்ளை தப்பிய பிறகுதான் கேள்வி தொடங்கியது. இத்தனை பொருட்களில் எது?

இதற்கு விடை தேடிப்போன வழியில் அறிந்தவற்றை, இதே நிலையில் நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. எங்கள் மகனைப் பார்த்த வைத்தியர்கள் விளங்கப்படுத்தியதையும், பிறகு தேடி வாசித்து உறுதிசெய்து கொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

வாட்டில் இருந்த இளம் டொக்டர் ஒருவர் சொன்னது எங்களுக்குப் பெரிய உதவி. "இண்டைக்கே இருந்து எல்லாத்தையும் எழுதிப்போடுங்கோ அக்கா. நாளைக்கு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்லுவினம்." என்ன சாப்பிட்டான், எவ்வளவு, சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் முதல் அறிகுறி வந்தது, அதன்பிறகு எது எந்த ஒழுங்கில் வந்தது, எப்போது அடங்கியது, எந்த மருந்துக்கு அடங்கியது என்று எழுதினேன். அன்று ஓடி விளையாடினானா, காய்ச்சல் இருந்ததா, நோவுக்கு ஏதும் குளிசை குடித்தானா என்பதையும் கேட்டார். சிலருக்குச் சாப்பாட்டோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால்தான் ஒவ்வாமை வெளிப்படுமாம்.

மாமியிடம் சாமான் பட்டியல் கேட்டேன். "நண்டுக் காலை இடிச்சு, பிழிஞ்சு, அந்தச் சாறையும் விட்டனான் பிள்ளை. அதுதானே கூழுக்கு ருசி" என்றார். பிளாவில் ஒரு நண்டுத் துண்டும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குடித்த ஒவ்வொரு மிடறிலும் நண்டு இருந்திருக்கிறது. ஒவ்வாமைக்குக் காரணம் தேடும்போது சமைத்த கையிடமே கேட்க வேண்டும்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, மகன் வழக்கமாகச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவற்றை ஒவ்வொன்றாக வெட்டினேன். மீன் கிழமையில் பல நாள் சாப்பிடுகிறவன். ஒடியல் பிட்டு பிடிக்கும். பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் வீட்டுச் சாப்பாடு. மிஞ்சியவை இறால், நண்டு, கணவாய். இறால் முன்பு ஓரிரு தடவை சாப்பிட்டிருக்கிறானே என்று நான் சொன்னபோது, அது இறாலை விடுவிக்காது என்றார் டொக்டர். முதலில் சாப்பிடும்போது உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொள்கிறது, அதற்கு எதிரான ஐ.ஜி.ஈ. என்ற புரதத்தை உண்டாக்குகிறது. பிறகொரு நாள் அதே உணவு உள்ளே போகும்போதுதான் சண்டை வெளிப்படுகிறது. ஆக, ஒரு துளி இரத்தம் எடுக்க முதலே பதினொரு பொருட்கள் மூன்றாகக் குறைந்துவிட்டன.

சிறுபிள்ளை வைத்திய நிபுணர் அந்த மூன்றுக்கும் மட்டும்தான் இரத்தப் பரிசோதனை கேட்டிருந்தார். தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் தனித்தனியாகச் செய்வதில்லை, தொகுதியாகத்தான் செய்வோம் என்றார்கள். வந்த றிப்போட்டில் இறால், நண்டு, கணவாய் மட்டுமில்லாமல் கச்சான், கோதுமை, தூசி உண்ணி, கரப்பொத்தான் என்று நீளமான நிரல். பலவற்றுக்குப் பக்கத்தில் 'பொசிற்றிவ்'. தூசி உண்ணிக்கு 40க்கு மேல், இறாலுக்கு 10க்குக் கிட்ட, நண்டுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, கணவாய்க்கு 1க்குக் கொஞ்சம் மேல், கச்சானுக்கு 0.6, கோதுமைக்கு 0.5.

அன்று மாலையே வீட்டில் பாண், பிஸ்கற், கச்சான் எல்லாவற்றையும் நிறுத்துவதென்று அப்பம்மா முடிவெடுத்துவிட்டார். பயத்தில் வந்த முடிவு. பேரன் மூச்சுத் திணறியதைப் பார்த்தவர் அவர். ஆனால் நிபுணர் றிப்போட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "கச்சான் சாப்பிடுறவனோ?"

"நல்லூர்த் திருவிழாவில வாங்கிற கச்சானில பாதிக்கு மேல இவன்தான் முடிக்கிறவன்."

"சாப்பிட்டு ஏதாவது?"

"ஒண்டுமில்லை."

"அப்ப இவனுக்குக் கச்சான் ஒவ்வாமை இல்லை. நிப்பாட்டாதேங்கோ. பாணும் அப்பிடித்தான்."

பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இந்தப் பரிசோதனை, குறிப்பிட்ட உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. இரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 0.35 என்ற அளவைத் தாண்டினால் இயந்திரம் 'பொசிற்றிவ்' என்று அச்சடித்துவிடும். ஐ.ஜி.ஈ. இருப்பவர் எல்லாருக்கும் அந்த உணவு ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. அடையாளம் வைத்திருந்தும் சண்டை பிடிக்காத உடம்புகள் ஏராளம். கோதுமைக்கும் கச்சானுக்கும் வரும் சின்ன எண்கள் சில நேரம் புல் மகரந்தத்துக்கு எதிரான ஐ.ஜி.ஈ. இவற்றையும் பிடித்துக்கொள்வதால் வருபவை. எண் பெரிதாகப் பெரிதாக உண்மையான ஒவ்வாமையாக இருக்கும் வாய்ப்புக் கூடும். ஆனால் அடுத்த தடவை எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அந்த எண் சொல்லாது. 40 என்றால் உயிராபத்து, 2 என்றால் இலேசு என்று கணக்குப் போடக் கூடாது.

அவர் சொன்ன இன்னொன்றை எல்லாத் தாய்மாரும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கரப்பன் உள்ள பிள்ளை சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உணவை, கடதாசியைப் பார்த்து மாதக்கணக்கில் நிறுத்தினால், உடம்பு அந்த உணவைச் சகிக்கும் பழக்கத்தை இழந்து, திரும்பக் கொடுக்கும்போது உண்மையான ஒவ்வாமையே வந்துவிடலாம். போசாக்குக் குறைவது வேறு.

தூசி உண்ணிக்கு ஏன் அவ்வளவு பெரிய எண் என்று கேட்டேன். இறாலின் தசையில் துரோப்போமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. நண்டிலும் இருக்கிறது, தூசி உண்ணியிலும் கரப்பொத்தானிலும் அதற்கு மிகக் கிட்டிய உருவம் இருக்கிறது. எல்லாம் கணுக்காலிகள், ஒரே வம்சம். அதனால் தூசி உண்ணியால் தும்மலும் இழுப்பும் உள்ள ஒருவருக்கு, இறால் சாப்பிட்டு ஒன்றுமே ஆகாதிருந்தும், இரத்தத்தில் இறாலுக்குப் பொசிற்றிவ் வரக்கூடும். எங்கள் மகனுக்கு இறாலுக்கு வந்த எண்ணை நம்பலாமா என்பதைத் தீர்மானித்தது, அந்தக் கூழ் நாளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புத்தான். மீனில் உள்ள முக்கிய ஒவ்வாமைப் புரதம் வேறு. ஆகவே இறால் ஒத்துக்கொள்ளாதவர் மீனையும் விட வேண்டும் என்றில்லை.

றிப்போட்டில் மொத்த ஐ.ஜி.ஈ. என்று இன்னொரு பெரிய எண்ணும் இருந்தது. அது கூடினால் உணவு ஒவ்வாமை என்று அர்த்தமில்லை. குடற்புழு இருந்தாலும் கூடும், கரப்பன் இருந்தாலும் கூடும்.

கரப்பன் என்று சொன்னேன். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பன் இருக்கிறது. எங்கள் வீடுகளில் அதற்கு மீனையும் கத்தரிக்காயையும் அன்னாசியையும் குற்றம் சொல்வது வழக்கம். கிரந்திச் சாப்பாடு என்று ஒரு நீண்ட பட்டியலே இருக்கும். நிபுணர் இதைக் கேட்டுவிட்டு, மீன் சாப்பிடாத காலம் ஏதும் உண்டா என்றார். உண்டு. நல்லூர்க் கொடியேறினால் திருவிழா நடக்கும் 25 நாட்களும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. "அந்த நாளில கரப்பன் குறையிறதோ?" நானும் கணவரும் யோசித்துப் பார்த்தோம். குறைவதில்லை. ஆடி ஆவணி வெயிலிலும் புழுதியிலும் சில வருடம் கூடியும் இருக்கிறது. அப்படியென்றால் மீனை மறித்து இந்தக் கரப்பனுக்குப் பயனில்லை என்றார். குளித்த உடனே பூசும் ஈரப்பதக் கிறீமும், தேவைப்படும்போது எழுதித் தந்த களிம்பும்தான் மருந்து. ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டிலேயே நடக்கும் இந்தச் சோதனைக்கு, எந்த ஆய்வுகூடத்துக்கும் போகாமல் விடை கிடைத்தது. சைவ விரதம் பிடிக்கிற வீடுகள் இதைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளையின் வைத்தியருக்கு அது நல்ல தகவல்.

அடுத்தது தோல் குத்துப் பரிசோதனை. பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவு இந்தத் துறையில் நாட்டின் முக்கியமான அரச இடம். கொழும்பிலேயே வேறு இடங்களிலும் செய்கிறார்கள். எங்கே போனாலும் கடிதத்தோடு, நடந்ததை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிக் கொண்டுபோவது நல்லது. எங்களைப் பார்த்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால் எங்கள் கதையில் பாதி அவரிடம் போய்ச் சேர்ந்திருக்காது.

போக முதல் கவனிக்க வேண்டியவை சில. கடுமையான தாக்கம் வந்து நாலைந்து கிழமையாவது கழிய வேண்டும். அதற்குள் செய்தால் தோல் ஓய்ந்துபோய்ப் பொய்யாக நெகற்றிவ் காட்டலாம். ஒவ்வாமை மருந்துகளை, அதாவது பிரிட்டன், செற்றிரிசின் போன்றவற்றை, ஏறத்தாழ ஒரு கிழமைக்கு முன்னரே நிறுத்த வேண்டும். தடிமனுக்கும் இருமலுக்கும் கொடுக்கும் சிரப்புகள் பலவற்றுள்ளும் அதே மருந்து இருக்கிறது, போத்தலில் பாருங்கள். இழுப்புக்கு எடுக்கும் பம்மை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்துவது எதுவானாலும் வைத்தியரைக் கேட்டே நிறுத்துங்கள். மருந்தை நிறுத்தவே முடியாத பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை உதவும். இந்த மருந்துகள் அதைக் கெடுப்பதில்லை.

எங்களை ஊரில் சாப்பிடும் இறாலையே கொண்டுவரச் சொன்னார்கள், பச்சையாகக் கொஞ்சம், அவித்தது கொஞ்சம். கொம்பனி தயாரித்துப் போத்தலில் வரும் சாற்றில் எங்கள் கடல் இறாலின் எல்லாப் புரதமும் இருக்குமென்று சொல்ல முடியாது. பாசையூரில் வாங்கி, பச்சையை வேறாகவும் அவித்ததை வேறாகவும் கட்டி, ஐஸ் பெட்டியில் போட்டு இரவு பஸ்ஸில் கணவர் கொண்டுவந்தார். நண்டும் கணவாயும் கூட.

மகனின் முன்கையின் உட்பக்கத்தில் பேனையால் இலக்கம் போட்டு, ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு துளி வைத்து, அந்தத் துளிக்கூடாக நுனி கூரான சின்ன ஊசியால் மெல்லக் குத்தினார்கள். இரத்தம் வரவில்லை. நாங்கள் கொண்டுபோன இறாலுக்கு, ஊசியை முதலில் இறாலில் குத்தி, பிறகு அதே ஊசியால் தோலில் குத்தினார்கள். கூடவே இரண்டு துளிகள்: ஒன்று வெறும் உப்புநீர், மற்றது ஹிஸ்ரமின், அதாவது ஒவ்வாமையின்போது உடம்பே வெளிவிட்டுத் தடிப்பை எழுப்பும் பொருள். உப்புநீர் இடத்தில் ஒன்றும் எழும்பக் கூடாது. ஹிஸ்ரமின் இடத்தில் கட்டாயம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் உடம்பில் மருந்து மிச்சமிருக்கிறது, அன்றைய பரிசோதனையை நம்ப முடியாது. 15 நிமிடம் சொறியாமல் இருப்பதுதான் பிள்ளைக்குக் கஷ்டம். கதைப் புத்தகம் கொண்டுபோங்கள்.

நுளம்பு கடித்தது போல் எழும்பிய தடிப்புகளை அடிமட்டம் வைத்து அளந்தார்கள். உப்புநீரை விட 3 மில்லிமீற்றர் பெரிதென்றால் பொசிற்றிவ். பச்சை இறால், அவித்த இறால், நண்டு மூன்றும் பெரிதாக. கணவாய் சரியாக 3. கச்சான் ஒன்றுமில்லை. தோல் பரிசோதனை நெகற்றிவ் என்றால் உடனடி ஒவ்வாமை இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பொசிற்றிவ் என்றால் மட்டும், இரத்தப் பரிசோதனை போலவே, நடந்த கதையோடு வைத்துப் பார்க்க வேண்டும். கதையும் இரத்தமும் தோலும் மூன்றும் ஒன்றாகச் சொன்னதால் இறால் ஒவ்வாமை உறுதி. நண்டும் அதற்கு மிக நெருங்கியதால் அதையும் முற்றாக விலக்கச் சொன்னார்கள். கணவாய்தான் இழுபறி. அது கணுக்காலி இல்லை, சிப்பியின் வம்சம். துரோப்போமயோசின் அதிலும் இருக்கிறது, ஆனால் இறாலினதிலிருந்து நன்றாக விலகியது.

இந்த இழுபறியைத் தீர்க்க இருப்பது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் வைத்துச் சாப்பிடக் கொடுத்துப் பார்ப்பது. உணவு ஒவ்வாமைக்கு இதைவிட உறுதியான பரிசோதனை இல்லை. இதை வீட்டில் செய்யவே கூடாது. அட்ரினலின் கையில் இருக்க, டொக்டரும் நேர்சும் பக்கத்தில் இருக்க, பிள்ளை தடிமன் இழுப்பு இல்லாமல் சுகமாக இருக்கும் நாளில்தான் செய்வார்கள். அவித்த கணவாயில் நகக்கண் அளவு துண்டு முதலில். 20 நிமிடம் பொறுத்து, இரத்த அழுத்தம், மூச்சு, தோல் எல்லாம் பார்த்து, அடுத்தது கொஞ்சம் பெரிய துண்டு. இப்படியே கூட்டிக்கொண்டு போய் அவன் வயதுக்கு ஒரு நேரம் சாப்பிடும் அளவு வந்தது. அந்தத் துண்டுகளை அவன் வாயில் வைக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பது எந்தத் தாய்க்கும் இலேசில்லை. நேர்ஸ் அக்கா என் தோளில் கைவைத்தபடியே நின்றார். கடைசித் துண்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. "இனிமேல் கிழமைக்கு ஒருக்காவாவது கணவாய் குடுங்கோ, விடாதேங்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதற்கிடையில் லண்டனிலிருந்து சித்தி, 200 உணவுகளை ஒரே துளி இரத்தத்தில் பார்க்கும் பெட்டி ஒன்றை அன்போடு அனுப்பியிருந்தார். அது பார்ப்பது ஐ.ஜி.ஜி. என்ற வேறு புரதத்தை. நாம் சாப்பிடும் எந்த உணவுக்கும் உடம்பு ஐ.ஜி.ஜி. உண்டாக்கும். அது இருப்பது, அந்த உணவு நமக்குப் பழகியது என்பதையே காட்டுகிறது. ஐரோப்பிய ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2008 இலேயே இதை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று அறிவித்தது. அமெரிக்க, கனடிய சங்கங்களும் அதையே சொல்லின. தலைமயிரை அனுப்பிச் செய்யும் பரிசோதனைகளுக்கும் ஆதாரம் இல்லை. வெளிநாட்டுச் சொந்தங்கள் இந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் காசை, கொழும்புக்குப் போய்வரும் செலவுக்குத் தந்தால் பிள்ளைக்குப் பெரிய உதவி.

மீன் சாப்பிட்டு முகம் சிவந்து, தலையிடித்து, தடிப்பும் வந்தால் உடனே ஒவ்வாமை என்று எழுதிவிட வேண்டாம். ஒரே சட்டியில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கும் வந்ததா என்று பாருங்கள். சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் அதில் ஹிஸ்ரமின் ஊறிவிடும். எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது. அது நஞ்சாதல். இதில் பரிசோதனை செய்தால் மீனுக்கு ஒன்றும் காட்டாது, நல்ல மீனை அவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். அதேபோல, இறால் ஒவ்வாமைக்கும் அயடீனுக்கும் தொடர்பில்லை. ஸ்கானுக்கு அயடீன் உள்ள ஊசி போட முதல் இறாலைப் பற்றி யாராவது பயப்படுத்தினால் வைத்தியரிடம் நேரே கேளுங்கள்.

இப்போது வீட்டில் இறாலும் நண்டும் சமைப்பதில்லை. அவிக்கும்போது எழும்பும் ஆவியே சிலருக்குப் போதும். கடையில் றோல்ஸ், வடை வாங்கும்போது அதே எண்ணெயில் இறால் வடை பொரிக்கிறார்களா என்று கேட்கிறோம். கூனி இறால் போட்ட சம்பல், இறால் ருசி சேர்த்த நூடில்ஸ் பக்கற் இரண்டும் விலக்கு. மாசிச் சம்பல் மீன்தான், அதற்குத் தடையில்லை. வகுப்பாசிரியரிடம் டொக்டரின் கடிதமும் அவசரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்ற தாளும் இருக்கின்றன. மூச்சிலோ குரலிலோ மாற்றம், தடிப்போடு சத்தி, சோர்ந்து விழுவது, இவற்றில் ஒன்று தெரிந்தால் அட்ரினலின்தான் முதல் மருந்து. பிரிட்டன் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பிள்ளையைக் கிடத்திக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுக் கஷ்டமென்றால் சாய்ந்து இருக்க விடலாம், எழும்பி நடக்க விடக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இலிருந்து வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது. அந்த இலக்கம் வகுப்பறைக் கதவிலும் ஒட்டியிருக்கிறது.

பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். இறால் பெரும்பாலும் விடாது. இருந்தாலும் சில வருடத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்ப்போம் என்று நிபுணர் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சிக்கும் ஒரு பரிசோதனை எடுத்து வைத்தால் என்ன என்று கடைசியாக அவரிடம் கேட்டேன். அவளுக்கு நாலு வயது. "அவள் இறால் சாப்பிடுறவளோ?" என்றார். அம்மம்மா வீட்டில் சாப்பிடுகிறாள், ஒன்றும் ஆனதில்லை என்றேன். "அப்ப ஏன் ரத்தம் எடுப்பான்? சாப்பிடட்டும்." அம்மம்மா வீட்டால் வந்ததும் கையையும் வாயையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவள் அண்ணனோடு விளையாடப் போகலாம். சனிற்றைசர் பூசினால் போதாது, இறாலின் புரதம் அதற்குப் போகாது.